அயல்நாட்டில் சொத்து மதிப்பீட்டாளர் வேலை: தகுதி, பதிவு, விசா, முதல் ஆண்டு

சொத்து மதிப்பீட்டுத் தொழிலில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று முறை: இடத்தைப் பார்வையிட்டு, அளந்து, சான்று திரட்டி, கணக்கிட்டு, அறிக்கை எழுதும் ஒழுங்கு. மற்றது ஊரறிவு: எந்தத் தெருவில் மனை என்ன விலைக்குப் போகிறது, எந்தக் காலத்துக் கட்டடத்தில் எந்தக் கோளாறு வரும், பத்திரத்தில் எந்த வரி வில்லங்கம் தரும் என்ற அறிவு. மதிப்பீட்டாளர் நாடு மாறும்போது முறை அவருடன் போகும், ஊரறிவு போகாது. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே கணக்கில் எடுத்தவர்களுக்கு இடப்பெயர்வு எளிதாகிறது. பத்து ஆண்டு அனுபவத்துக்கு உரிய நாற்காலி முதல் நாளே கிடைக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள் சிரமப்படுகிறார்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ தகுதி பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவர் வெளிநாட்டு வேலைக்குச் செல்ல வேண்டிய படிகளை இந்த அத்தியாயம் வரிசையாக விளக்குகிறது. தெளிவான வழித்தடம் உள்ள நாடு என்பதால் பிரிட்டன் இங்கு முதன்மை எடுத்துக்காட்டு.

நாட்டைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது சம்பளம் அல்ல, கையெழுத்து அதிகாரம். மதிப்பீட்டு அறிக்கையில் கையெழுத்திடும் உரிமையை யார் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து நாடுகள் இரண்டு வகைப்படும்.

முதல் வகையில் சட்டமே உரிமம் கேட்கிறது. நியூசிலாந்தில் 1948ஆம் ஆண்டின் மதிப்பீட்டாளர் சட்டப்படி பதிவு வாரியம் இயங்குகிறது. பதிவு பெற்றவர் ஆண்டுதோறும் தொழிற்சான்றையும் புதுப்பிக்க வேண்டும். மலேசியாவில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒரு வாரியம் உள்ளது. சவூதி அரேபியாவில் 2012இல் அரச ஆணையாக வந்த சட்டம் ‘தக்யீம்’ என்ற ஆணையத்தின் உறுப்பினர் தகுதியைக் கட்டாயமாக்கியது. துபாயில் நிலத் துறை மதிப்பீட்டாளர்களைப் பதிவு செய்கிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே உரிமம் தருகிறது. எல்லா வகைச் சொத்தையும் மதிப்பிடும் உயர்நிலை உரிமத்துக்குப் பட்டம், 300 மணி நேரப் பாடம், 3,000 மணி நேர மேற்பார்வை அனுபவம் ஆகிய மூன்றும் வேண்டும்.

இரண்டாம் வகையில் சட்ட உரிமம் இல்லை. தொழில்முறை அமைப்பின் உறுப்பினர் தகுதியும் வங்கிகளின் பேனல் பட்டியலும் அந்த இடத்தை நிரப்புகின்றன. பிரிட்டன் இந்த வகை. கனடாவில் 1938இல் தொடங்கிய அப்ரைசல் இன்ஸ்டிட்யூட் தரும் பட்டங்களையே வங்கிகள் கேட்கின்றன. ஆஸ்திரேலியா இரண்டும் கலந்த நாடு. குயின்ஸ்லாந்திலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் சட்டப்படி பதிவு தேவை. நியூ சவுத் வேல்ஸ் 2016இல் அந்தச் சட்டத்தைக் கைவிட்டது. பிற இடங்களில் ஆஸ்திரேலியன் பிராபர்ட்டி இன்ஸ்டிட்யூட் வழங்கும் தகுதியே செல்லுபடியாகும். அந்நாட்டின் தொழில் வகைப்பாட்டில் மதிப்பீட்டாளரின் எண் 224512. குடியேற்றத்துக்கான திறன் மதிப்பீட்டை வெட்டாசெஸ் என்ற அமைப்பு செய்கிறது.

உரிமம் கேட்கும் நாட்டுக்குப் போகிறவர், பதிவு கிடைக்கும்வரை வேறொருவர் கையெழுத்தின் கீழ் வேலை செய்ய வேண்டியிருக்கும். அந்தக் காலத்துக்கான சம்பளக் குறைவைக் குடும்ப வரவுசெலவில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும்.

ஊரில் உள்ள தகுதிக்கு வெளியில் என்ன மதிப்பு

இந்தியாவில் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தின் 247ஆம் பிரிவு, 2017இல் வந்த பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகள் ஆகியவற்றின்படி பதிவு நடக்கிறது. மதிப்பீட்டாளர் அமைப்பு ஒன்றில் சேர்ந்து, 50 மணி நேரப் பாடம் முடித்து, இந்திய நொடிப்பு மற்றும் திவால் வாரியம் (ஐ.பி.பி.ஐ.) நடத்தும் தேர்வில் தேற வேண்டும். நிலமும் கட்டடமும், இயந்திரங்கள், பங்குகளும் நிதிச் சொத்துகளும் என மூன்று பிரிவுகள் உண்டு. இதற்கு முன்பிருந்தே 1957ஆம் ஆண்டின் செல்வ வரிச் சட்டப்படி பதிவு பெற்ற மதிப்பீட்டாளர்களும் இருக்கிறார்கள். இலங்கையில் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகம் இத்துறையில் பட்டம் தருகிறது. இலங்கை விலைமதிப்பீட்டாளர் நிறுவனம் 1975ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது.

இந்தப் பதிவுகள் எதுவும் வெளிநாட்டில் நேரடியாகக் கையெழுத்து உரிமை தராது. ஆனாலும் அவை வீண் அல்ல. விண்ணப்பதாரர் இத்தனை ஆண்டு இந்த வேலையைத்தான் செய்தார், ஓர் ஒழுங்குமுறை அமைப்புக்குக் கட்டுப்பட்டிருந்தார் என்பதற்கு அவைதான் சான்று. ஆகவே வெளிநாடு போனதும் உள்ளூர் பதிவைக் காலாவதியாக விடக் கூடாது. திரும்பி வர நேர்ந்தால் புதிதாகத் தேர்வு எழுதும் தொல்லையும் இராது.

பதிவைவிடப் பெரிய சொத்து அனுபவக் குறிப்பேடு. ஒவ்வொரு மதிப்பீட்டுக்கும் தேதி, சொத்தின் வகை, நோக்கம், பயன்படுத்திய முறை, தாமே செய்த பகுதி, மேற்பார்வையிட்டவர் ஆகியவற்றை எழுதி வைத்தால் எந்த நாட்டு அமைப்புக்கும் அது உதவும். ‘வங்கிக்கு 600 அறிக்கைகள் கொடுத்தேன்’ என்ற ஒரு வரியைவிட, நன்றாக விவரித்த 20 அறிக்கைகளுக்கு எடை அதிகம். வாடிக்கையாளரின் பெயரையும் முகவரியையும் நீக்கிவிட்டே இத்தகைய குறிப்பை எடுத்துச் செல்ல வேண்டும். அலுவலகக் கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொண்டு போவது ரகசியக் காப்பு விதியை மீறுவதாகும்.

ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினர் தகுதி

லண்டனில் 1868இல் தொடங்கி 1881இல் அரச சாசனம் பெற்ற ராயல் இன்ஸ்டிட்யூஷன் ஆஃப் சார்ட்டர்டு சர்வேயர்ஸ், சுருக்கமாக ஆர்.ஐ.சி.எஸ்., பல நாடுகளில் செல்லுபடியாகும் தகுதியை வழங்குகிறது. வளைகுடா நாடுகளில் பெரிய ஆலோசனை நிறுவனங்கள் வேலை விளம்பரத்திலேயே இதைக் கேட்பது வழக்கம். இந்தியாவில் இருந்தபடியே இதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. இடம்பெயரும் எண்ணம் உறுதியான நாளிலேயே இதைத் தொடங்குவது நல்லது.

நுழையும் வழி, படிப்பையும் அனுபவத்தையும் பொறுத்தது. ஆர்.ஐ.சி.எஸ். அங்கீகரித்த பட்டம் உள்ளவர் அனுபவம் இல்லாவிட்டால் 24 மாதம் முறைப்படியான பயிற்சி முடிக்க வேண்டும். 5 ஆண்டு அனுபவம் இருந்தால் 12 மாதம் போதும். 10 ஆண்டு இருந்தால் நேரடியாக மதிப்பிடலுக்குப் போகலாம். அங்கீகாரம் இல்லாத பட்டம் உள்ளவருக்கு, உதாரணமாகச் சிவில் பொறியியல் படித்துவிட்டு மதிப்பீட்டுக்கு வந்தவருக்கு, 5 ஆண்டு அனுபவம் தேவை. அவருடைய எழுத்துப் பணிகள் நேர்காணலுக்கு முன் ஒருமுறை முன்பரிசீலனைக்கும் உட்படும். தமிழ்நாட்டு மதிப்பீட்டாளர்களில் பெரும்பாலோர் சிவில் பொறியாளர்கள். எனவே அவர்கள் கவனிக்க வேண்டிய வழி இதுதான்.

எழுத்துப் பணியில் அனுபவச் சுருக்கமும், தாமே பங்கேற்ற ஒரு வேலையைப் பற்றிய 3,000 சொல் ஆய்வும் அடங்கும். நேர்காணல் ஒரு மணி நேரம். தொடக்கத்தில் அந்த ஆய்வைப் பற்றி 10 நிமிடம் பேச வேண்டும். பார்வையிடல், அளவெடுத்தல், மதிப்பிடல் ஆகியவற்றில் மேல்நிலைத் திறனைக் காட்ட வேண்டும். தொழில் ஒழுக்கத்திலும் அதே மேல்நிலை எதிர்பார்க்கப்படுகிறது.

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நன்றாகத் தயாராகி வந்தவர்கள்கூட இந்தக் கடைசிப் பகுதியில் தடுமாறுவதுண்டு. ஒரு மாதிரிக் கேள்வி: ‘கடன் வாங்குபவர் உங்களை அழைத்து, 80 லட்சம் என்று போட்டால்தான் கடன் கிடைக்கும், 75 லட்சம் போடாதீர்கள் என்கிறார். என்ன செய்வீர்கள்?’ ‘மறுத்துவிடுவேன்’ என்பது பாதிப் பதில். விலைக்கு ஆதாரமாகப் புதிய விற்பனைச் சான்று ஏதாவது இருந்தால் அதைத் தரும்படி கேட்பது, அதை ஆராய்வது, ஆராய்ந்தும் மதிப்பு மாறாவிட்டால் அப்படியே வைத்துக்கொள்வது, உரையாடலைக் கோப்பில் எழுதி வைப்பது, அறிக்கையைக் கேட்ட வங்கிக்கு அழுத்தம் வந்ததைத் தெரிவிப்பது என முழு வரிசையையும் சொல்ல வேண்டும். ஊரில் இதே அழுத்தத்தை வாரந்தோறும் சந்தித்து நேர்மையாகக் கையாண்டவருக்கு இந்தக் கேள்வி கடினம் அல்ல.

உறுப்பினரான பிறகு, பிரிட்டனில் ‘ரெட் புக்’ எனப்படும் மதிப்பீட்டு நெறிமுறை நூலின்படி அறிக்கை எழுத, மதிப்பீட்டாளர் பதிவுத் திட்டத்திலும் சேர வேண்டும். ரெட் புக்கின் அடித்தளம் பன்னாட்டு மதிப்பீட்டு நெறிமுறைகள். இரண்டின் புதிய பதிப்புகளும் 2025 ஜனவரி 31 முதல் நடைமுறையில் உள்ளன. இவற்றை ஊரிலேயே படித்து முடித்துவிடலாம். இடம்பெயரும் முன் செய்யக்கூடிய ஆகச் சிறந்த தயாரிப்பு இதுவே.

வேலையும் விசாவும்

பிரிட்டனில் வேலை செய்ய ஸ்கில்டு வொர்க்கர் விசா தேவை. உள்துறையின் ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனம் வேலை தந்து, ஸ்பான்சர் சான்று வழங்க வேண்டும். உரிமம் உள்ள நிறுவனங்களின் பட்டியலை உள்துறை பொதுவில் வெளியிடுகிறது. சார்ட்டர்டு சர்வேயர்களுக்கான தொழில் எண் 2454. 2025 ஜூலை 22 முதல் பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 41,700 பவுண்ட். அந்தத் தொழிலுக்கென வகுத்த சம்பளம் இதைவிட அதிகமானால் அதையே தர வேண்டும். சார்ட்டர்டு தகுதியை நோக்கிப் பயிற்சியில் இருப்பவருக்கும் 26 வயதுக்குக் குறைந்தவருக்கும் இந்த வரம்பு 33,400 பவுண்டாகக் குறையலாம். ஆர்.ஐ.சி.எஸ். பயிற்சியை முன்பே தொடங்குவதால் கிடைக்கும் நேரடிப் பயன்களில் இது ஒன்று. 2026 ஜனவரி 8 முதல் புதிய விண்ணப்பதாரருக்கு ஆங்கிலத்தில் பி2 நிலை கேட்கப்படுகிறது.

செலவுகளில் பலரைத் திகைக்க வைப்பது மருத்துவக் கூடுதல் கட்டணம். பெரியவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட், குழந்தைக்கு 776 பவுண்ட். கணவன், மனைவி, ஒரு குழந்தை என மூவர் 5 ஆண்டு விசாவுக்கு விண்ணப்பித்தால் 14,230 பவுண்டை முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும். வேலைக்கான பேச்சில் சம்பளத்தோடு இந்தக் கட்டணத்தை நிறுவனம் ஏற்குமா என்பதையும் கேட்டுவிடுவது நல்லது. விசா விதிகள் அடிக்கடி மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் தளத்தில் தொகைகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

ஸ்பான்சர் சான்றுக்கான கட்டணத்தை நிறுவனம் ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது. ‘சான்று வாங்கித் தருகிறேன், பத்து லட்சம் கொடுங்கள்’ என்று கேட்பவர் மோசடிக்காரர். அவருடன் மேற்கொண்டு பேச ஒன்றும் இல்லை. இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனமும் வளைகுடா முதலிய நாடுகளுக்கு ஆள் அனுப்புகிறது. இலங்கையில் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும்.

சான்றிதழ் உறுதிப்பாடு நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியா 2005இலும் சவூதி அரேபியா 2022இலும் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இணைந்தன; ஆகவே சவூதிக்குப் போக வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். ஐக்கிய அரபு அமீரகம் அதில் சேரவில்லை. அங்கு போக மாநில அரசு, வெளியுறவு அமைச்சகம், தூதரகம் என மூன்று படிகளையும் தாண்ட வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் ஆகும். பட்டச் சான்றில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் உள்ள பெயர், தலைப்பெழுத்து விரிவு ஆகியவற்றை அதற்கு முன்பே சரிசெய்துவிட வேண்டும்.

மாறும் கணக்கு

தமிழ்நாட்டு மதிப்பீட்டாளர் அடுக்குமாடி வீடு ஒன்றைப் பார்க்கும் விதம் இது: பிரிக்கப்படாத பங்கு நிலம் 500 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய் என்றால் 30 லட்சம். கட்டடம் 1,000 சதுர அடி, 2,000 ரூபாய் வீதம் 20 லட்சம். அதில் தேய்மானம் 20 சதவீதம் போக 16 லட்சம். மொத்தம் 46 லட்சம். நிலம் தனி, கட்டடம் தனி. பக்கத்திலேயே வழிகாட்டி மதிப்பையும் எழுதுவார்.

லண்டனில் இந்தக் கணக்கை வைத்து வீட்டை மதிப்பிட்டால் மேலாளர் திருப்பி அனுப்பிவிடுவார். அங்கே வீடு ஒரே பொருள். அதே பகுதியில் அண்மையில் விற்ற மூன்று நான்கு வீடுகளை எடுத்து, பரப்பு, மாடி, நிலை, விற்ற தேதி ஆகிய வேறுபாடுகளுக்கு ஏற்பத் திருத்தி மதிப்பு காண வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பதிவகம் 1995 முதலான விற்பனை விலைகளை எவரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. பத்திரத்தில் எழுதிய விலைக்கும் கைமாறிய விலைக்கும் இடைவெளி இருக்கும் சந்தையில் பழகியவருக்கு, பதிவான விலையை நம்பி வேலை செய்வதே ஒரு புதிய பழக்கம்.

நில உரிமையும் வேறு. பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் என்று தேடும் இடத்தில் அங்கே ஒரே உரிமைப் பதிவேடு இருக்கும். ஆனால் பெரும்பாலான அடுக்குமாடி வீடுகள் நீண்டகாலக் குத்தகையில் உள்ளவை. குத்தகையில் எத்தனை ஆண்டு மீதம் உள்ளது என்பது விலையைத் தீர்மானிக்கிறது. 120 ஆண்டு மீதமுள்ள வீடும் 60 ஆண்டு மீதமுள்ள வீடும் ஒரே தளத்தில் இருந்தாலும் விலை ஒன்றாகாது.

கடைகளுக்கு அங்கே மண்டல முறை உண்டு. தெருவை ஒட்டிய முதல் 6.1 மீட்டர் ஆழம், அதாவது 20 அடி, முழு மதிப்பு பெறும். அடுத்த 6.1 மீட்டர் பாதி மதிப்பு, அதற்கடுத்தது கால் மதிப்பு. 6 மீட்டர் அகலமும் 12.2 மீட்டர் ஆழமும் உள்ள கடையை எடுத்துக்கொண்டால், முன்பகுதி 36.6 சதுர மீட்டர், பின்பகுதியும் 36.6தான், ஆனால் கணக்கில் 18.3. ஆக மொத்தம் 54.9. முதல் மண்டலத்தின் ஆண்டு வாடகை சதுர மீட்டருக்கு 500 பவுண்ட் என்றால் கடையின் வாடகை 27,450 பவுண்ட். தி.நகரிலும் யாழ்ப்பாணம் பெரிய கடைத்தெருவிலும் முகப்புக்குத்தான் விலை என்று வியாபாரிகள் சொல்வதையே இந்த முறை கணக்காக்கியிருக்கிறது.

வாடகைக்கு விட்ட வணிகச் சொத்தில் வருமானமே மதிப்பின் ஊற்று. ஆண்டு வாடகை 60,000 பவுண்ட், ஈட்டு விகிதம் 6 சதவீதம் என்றால் மதிப்பு 10 லட்சம் பவுண்ட். விகிதம் 7 ஆனால் அது சுமார் 8.57 லட்சமாக இறங்கிவிடும். ஒரே ஒரு சதவீதத்தில் இவ்வளவு மாறுவதால், அந்த விகிதத்துக்கு ஆதாரம் காட்டுவதில்தான் மதிப்பீட்டாளரின் திறமை தெரியும்.

அளவை அலகுகளும் கவனம் கேட்கும். சென்ட் என்றால் 435.6 சதுர அடி, கிரவுண்ட் என்றால் 2,400, இலங்கையின் பேர்ச் என்றால் 272.25. இவை விரல் நுனியில் இருப்பவர் சதுர மீட்டரிலும் ஹெக்டேரிலும் யோசிக்கப் பழக வேண்டும். எந்தச் சுவரிலிருந்து எந்தச் சுவர் வரை அளப்பது என்பதும் சொத்தின் வகைக்கு ஏற்ப மாறும். அலுவலகத்துக்கு நிகர உட்பரப்பு, தொழிற்கூடத்துக்கு மொத்த உட்பரப்பு.

கட்டடம் கெடும் விதம் தட்பவெப்பத்தைப் பொறுத்தது. உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் வெடிப்பதைப் பார்த்துப் பழகிய கண், அங்கே செங்கல் சுவரில் தரையிலிருந்து ஏறும் ஈரத்தையும், குளிர்காலத்தில் சன்னல் ஓரத்தில் படியும் பூஞ்சையையும், கூரையடி அறையின் மரச்சட்டத்தையும் பார்க்கக் கற்க வேண்டும். 2017 ஜூன் 14இல் 72 பேரைப் பலிகொண்ட கிரென்ஃபெல் கோபுரத் தீக்குப் பிறகு, உயர்ந்த குடியிருப்புகளின் வெளிச்சுவர் உறை கடன் கிடைப்பதையே தீர்மானிக்கும் விஷயமாகிவிட்டது. ஆற்றல் திறன் சான்றில் ‘இ’ நிலைக்குக் கீழே உள்ள வீட்டை, விலக்கு இல்லாவிட்டால், வாடகைக்கு விட முடியாது. இவை எல்லாம் மதிப்பை நேரடியாகத் தொடுகின்றன.

முதல் ஆண்டு

முதல் ஆறு மாதம் மூத்தவர் ஒருவருடன் பார்வையிடலுக்குப் போவதையே பெரும்பாலான நிறுவனங்கள் விரும்புகின்றன. ஊரில் தனி அலுவலகம் நடத்தியவருக்கு இது இறக்கமாகத் தோன்றலாம். ஆனால் ஊரறிவைச் சேர்க்க வேறு வழி இல்லை. ஒரே பகுதியைப் பிடித்துக்கொண்டு, அங்கு வாரந்தோறும் விற்கும் சொத்துகளின் பட்டியலைத் தாமே தயாரித்து, தெருத்தெருவாக நடந்து பார்ப்பவர் விரைவில் அந்தப் பகுதியின் விலையைப் பேசத் தொடங்குகிறார்.

அறிந்த எல்லைக்கு வெளியே உள்ள வேலையை ஏற்காமல் இருப்பதும் திறமையின் பகுதி. தெரியாத ஊரிலோ தெரியாத வகைச் சொத்திலோ அறிக்கை எழுதினால் கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்கு வரலாம். தனியே தொழில் தொடங்குபவர் தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு எடுக்காமல் ஓர் அறிக்கையும் எழுதக் கூடாது. நிறுவனத்தில் வேலை செய்பவர், அதன் காப்பீடு தம் பணியை உள்ளடக்கியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்த ஊரவர் வாங்கும் வீட்டுக்கு அறிக்கை கேட்டால், உறவோ நட்போ இருப்பதை எழுத்தில் அறிவித்து அந்த வேலையை வேறொருவருக்கு விடுவதே முறை. லண்டனிலும் டொரான்டோவிலும் மெல்பர்னிலும் தமிழர்கள் நெருங்கி வாழும் பகுதிகளில் இத்தகைய வேண்டுகோள் கட்டாயம் வரும்.

நாட்டைத் தேர்ந்தெடுத்து, குறிப்பேட்டை ஒழுங்காக்கி, ஆர்.ஐ.சி.எஸ். அல்லது அந்நாட்டு அமைப்பின் பதிவைத் தொடங்கி, பிறகே வேலை தேடி, கடைசியில் விசாவுக்குப் போவது சரியான வரிசை. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்து பணத்தையும் இரண்டு ஆண்டையும் இழக்கிறார்கள். அளந்ததை அளந்தபடி எழுதும் பழக்கமும், தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் நேர்மையும் உள்ள மதிப்பீட்டாளருக்கு எந்த நாட்டிலும் வேலை உண்டு. மற்றவற்றை அவர் அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.